வடக்கின் வானதூதன் பிறந்த கதை

முதலில் ஒரு மேடுதான் இருந்தது.

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், டைன் நதியின் தென்கரையில் கேட்ஸ்ஹெட் என்றொரு ஊர். எதிர்க்கரையில் அதைவிடப் பேர்பெற்ற நியூகாசில். கேட்ஸ்ஹெட்டுக்குத் தெற்கே, ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டி நெடுங்காலம் நிலக்கரி வெட்டினார்கள். 1960களில் சுரங்கம் மூடப்பட்டது. கரி அப்பிய உடம்போடு மேலே வருகிற தொழிலாளர்கள் குளித்துவிட்டு வீட்டுக்குப் போவதற்காகக் கட்டியிருந்த குளியல் கூடத்தையும் இடித்தார்கள். அந்த இடிபாடுகளின் மேல் மண்ணைப் போட்டு மூடியதில் எழுந்ததுதான் மேடு. 1990இல் நகர மன்றம் அதைச் சீர்செய்து, ‘இந்த இடத்தில் ஊருக்கு அடையாளமாக ஒரு பெரிய சிற்பம் வரவேண்டும்’ என்று குறித்து வைத்தது. என்ன சிற்பம், யார் செய்வது, யார் பணம் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் அன்று பதில் இல்லை.

முதல் இரண்டு கேள்விகளும் சில ஆண்டுகளில் தீர்ந்தன. மூன்றாவது கேள்விதான் ஊரையே இரண்டாக்கியது.

வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த ஊருக்குச் சிற்ப ஆசை எப்படி வந்தது என்று கேட்கலாம். நிலக்கரி, கப்பல் கட்டுதல், எஃகு என்று வடகிழக்கு இங்கிலாந்தின் பிழைப்பே கனரகத் தொழில்தான். 1970களிலும் 80களிலும் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. 1984-85இல் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றபின், மிச்சமிருந்த சுரங்கங்களுக்கும் பூட்டு விழுந்தது. அந்த நாட்களில்தான் கேட்ஸ்ஹெட் நகர மன்றம் பூங்காக்களிலும் ஆற்றங்கரையிலும் சிற்பங்களை வைக்கத் தொடங்கியிருந்தது. கலையைக் கூடத்துக்குள் அடைத்து வைத்துவிட்டு மக்கள் வருவார்களா என்று காத்திருப்பதைவிட, மக்கள் நடக்கிற வழியிலேயே வைத்துவிடலாம் என்பது கணக்கு. 1990இல் தேசியத் தோட்டத் திருவிழாவை கேட்ஸ்ஹெட் நடத்தியது. பாழடைந்த தொழிற்சாலை நிலங்களைச் செடிகொடிகளாலும் சிற்பங்களாலும் நிரப்பிக் காட்டிய அந்த விழா, ‘நம்மாலும் முடியும்’ என்ற துணிச்சலை மன்றத்துக்குக் கொடுத்தது. பொது இடக் கலைக்கென்று மன்றம் அமைத்திருந்த குழுவுக்குத் தலைவராக இருந்த சிட் ஹெண்டர்சன், சாலையோரச் சிற்பத் திட்டத்தைக் கடைசிவரை கையை விட்டு நழுவவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்.

1994 தொடக்கத்தில் சிற்பி தேர்வானார்: லண்டனைச் சேர்ந்த ஆன்டனி கோர்ம்லி. முதலில் அவருக்கு இதில் நாட்டமில்லை. நெடுஞ்சாலை ஓரத்துக்கு அலங்காரப் பொம்மை செய்வது தன் வேலை இல்லை என்பது அவர் எண்ணம். மேட்டின் புகைப்படத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. கீழே இருட்டில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் உழைத்திருக்க, மேலே திறந்த வெளியில் ஒரு மேடு. அதன் மேல் எதை நிறுத்தினாலும் அது அந்த உழைப்புக்குப் பதில் சொல்வதாக இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தன் உடம்பையே அச்செடுத்துப் பெரிதாக்கி, கைகளுக்குப் பதில் விமான இறக்கைகளைப் பொருத்திய வானதூதன் உருவத்தை முன்வைத்தார். உயரம் 20 மீட்டர். இறக்கையின் நுனிக்கு நுனி 54 மீட்டர், ஜம்போ ஜெட்டின் அகலத்துக்குச் சற்றே குறைவு. இறக்கைகள் நேராக நிற்காமல் 3.5 பாகை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், வருகிறவரை அணைக்க வருவதுபோல.

கோர்ம்லிக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 1980களில் லீட்ஸ் நகரத்தின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல்லால் 120 அடி உயர மனிதனைக் கட்ட அவர் திட்டம் போட்டார். உள்ளூர்ப் பத்திரிகை தொலைபேசியில் வாசகர் கருத்துக் கேட்டபோது வேண்டாம் என்றவர்களே அதிகம். 1988இல் லீட்ஸ் நகர மன்றம் அனுமதி மறுத்தது. செங்கல் மனிதன் இன்று அந்த ஊர்க் கலைக்கூடத்தில் ஒரு சிறு மாதிரியாக மட்டும் இருக்கிறான். சிற்பி நல்லவராக இருந்தாலும் ஊர் சம்மதிக்காவிட்டால் சிலை எழாது என்பதை கோர்ம்லி பட்டே தெரிந்துகொண்டிருந்தார்.

கேட்ஸ்ஹெட்டிலும் ஊர் லேசில் சம்மதிக்கவில்லை.

சிலையின் மாதிரிப் படம் வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. சிலையை நிறுத்தக் கோரி ஓர் இயக்கமே நடந்தது. ஏறத்தாழ 4,500 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். கன்சர்வேட்டிவ் கட்சியின் உள்ளூர் உறுப்பினரான மார்ட்டின் கலனன் எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார். லிபரல் டெமாக்ரட் உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, நாஜி ஜெர்மனியில் செய்யப்பட்ட இறக்கை விரித்த உருவத்தோடு இதை ஒப்பிட்டுச் செய்தி போட்டது. ஓட்டுநர்கள் வாய்பிளந்து பார்த்து மோதிக்கொள்வார்கள், தொலைக்காட்சி சரியாகத் தெரியாது, கண்ணுக்கு அசிங்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சிலையைக் கேலி செய்யும் பட்டப்பெயர்களுக்கும் பஞ்சமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசில்லை என்கிறீர்கள், இரும்புப் பொம்மைக்கு மட்டும் எட்டு லட்சம் பவுண்டு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூடிய சுரங்கத்தின் மேல் சிலை வைக்கிறீர்களே, சுரங்கத்தில் இருந்தவனுக்கு வேலை எங்கே என்று கேட்கிற உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு யாரைவிடவும் அதிகம். நகர மன்றம் அதற்கு நேரடியாகக் கணக்குச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிரிட்டனின் தேசிய லாட்டரியைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். அதற்கான சட்டம் 1993இல் வந்தது. முதல் குலுக்கல் 1994 நவம்பர் 19. விற்கிற ஒவ்வொரு ஒரு பவுண்டுச் சீட்டிலும் 28 பென்ஸ் ‘நற்காரியங்களுக்கு’ என்று ஒதுக்கப்பட்டது. விளையாட்டு, கலை, பாரம்பரியம், தொண்டு நிறுவனங்கள், புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டம் என்று ஐந்து பங்கு. அரசு தன் வரிப்பணத்தில் செய்யவேண்டிய வேலைகளுக்கு லாட்டரிப் பணத்தைத் திருப்பிவிடக் கூடாது என்பது விதி. மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அரசின் வேலை, ஆகவே அன்றைய ஏற்பாட்டில் அவற்றுக்கு இதில் பங்கில்லை. கலைக்கான பங்கிலும் இன்னொரு கட்டுப்பாடு இருந்தது. தொடக்க ஆண்டுகளில் அந்தப் பணத்தைக் கட்டடம், கருவி, நிரந்தரச் சிற்பம் போன்ற முதலீட்டுச் செலவுகளுக்குத்தான் கொடுப்பார்கள். நாடகம் போடவோ சம்பளம் கொடுக்கவோ பெரும்பாலும் கிடைக்காது. கோயில் உண்டியலில் விழுந்த காசை எடுத்து வீட்டுக்கு அரிசி வாங்க முடியாதல்லவா, அதே கதைதான்.

மேட்டைக் குறித்து வைத்த 1990இல் லாட்டரியே கிடையாது. சிற்பி தேர்வான மாதத்தில்கூட முதல் சீட்டு விற்பனைக்கு வரவில்லை. திட்டம் தயாராக இருந்த நேரத்தில் பணப்பை திறந்தது என்பது கேட்ஸ்ஹெட்டின் அதிர்ஷ்டம். பல ஊர்கள் பணம் வந்த பிறகுதான் என்ன செய்யலாம் என்று யோசித்தன. இங்கே இடமும் சிற்பியும் வரைபடமும் முன்பே இருந்தன. 1995இல் திட்ட அனுமதி கிடைத்தது. 1996இல் லாட்டரிப் பணம் உறுதியானது.

மொத்தச் செலவு 8 லட்சம் பவுண்டு. அதில் 5,84,000 பவுண்டு கலை மன்றத்தின் வழியாக லாட்டரியிலிருந்து வந்தது. ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதி 1,50,000 தந்தது. வடபகுதிக் கலை அமைப்பான நார்தர்ன் ஆர்ட்ஸ் 45,000 தந்தது. மீதி தனியார் நன்கொடை. இந்தப் பணம் சிலைக்கு வராவிட்டால் உங்கள் மருத்துவமனைக்கும் வராது என்பதே நகர மன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்.

பதில் சட்டப்படி சரி. ஆனால் அது பாதிப் பதில்தான். உண்டியலில் காசு போட்டது யார் என்ற கேள்வி அதில் இல்லை. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களில் உழைக்கிற, குறைந்த வருமானக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கேட்ஸ்ஹெட்காரர்களும் வாரந்தோறும் வாங்கினார்கள். அவர்கள் போட்ட காசு எங்கே போனது? அதே காலத்தில் லண்டனின் ராயல் ஆபரா ஹவுஸ் கட்டடத்தைப் புதுப்பிக்க லாட்டரியிலிருந்து 7.8 கோடி பவுண்டு போனது. நாடு முழுக்கப் பெருங்கூச்சல் எழுந்தது. கேட்ஸ்ஹெட்டுக்கு வந்த தொகை அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

சிலையை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் போதிய அளவு பேசாமல் விட்ட இடம் இது. கேட்ஸ்ஹெட் அந்த 5,84,000 பவுண்டை வேண்டாம் என்று சொல்லியிருந்தால், ஒரு நோயாளிக்குக்கூடக் கட்டில் கிடைத்திருக்காது. இன்னோர் ஊரின் அரங்கத்துக்கோ கலைக்கூடத்துக்கோ அது போயிருக்கும். ஏழை ஊரிலிருந்து கிளம்பிய காசில் ஒரு சிறுபகுதியாவது அதே ஊருக்குத் திரும்பி வந்த கணக்கு என்று இதைச் சொல்லலாம். அதற்காக எதிர்த்தவர்களின் கோபம் பொய்யாகிவிடாது. எந்தப் பெட்டிக்கு எவ்வளவு என்று வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் முடிவு செய்தபோது கேட்ஸ்ஹெட்டை யாரும் கேட்கவில்லை. அவர்கள் சண்டை போடவேண்டிய வாசல் அது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததோ உள்ளூர் நகர மன்றத்தின் வாசல்.

எதிர்ப்பினால் ஒரு நன்மையும் விளைந்தது. மன்றத்தால் வாயை மூடிக்கொண்டு சிலையை நட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார்கள். 1996இல், கேட்ஸ்ஹெட்டில் காலியாகக் கிடந்த பழைய ரயில்வே பணிமனையில் கோர்ம்லியின் ‘ஃபீல்ட்’ படைப்பைக் காட்சிக்கு வைத்தார்கள். சுமார் 40,000 சிறு களிமண் உருவங்கள் தரை முழுக்க நின்று பார்வையாளரையே பார்க்கும். அவற்றைப் பிசைந்து செய்தவர்கள் செயின்ட் ஹெலன்ஸ் வட்டாரத்துச் சாதாரணக் குடும்பத்தினர். நவீனக் கலை என்றால் லண்டன்காரர்களின் விளையாட்டு என்று நினைத்திருந்தவர்களும் போய்ப் பார்த்தார்கள். வானதூதனுக்கு ஓட்டுக் கேட்க இதைவிட நல்ல வழி அமைந்திருக்க முடியாது.

இனி இரும்பு வேலை. மாதிரியைப் பெரிதாக்குவது கலை என்றால், அதைக் காற்றில் நிறுத்துவது பொறியியல். மேட்டின் மேல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலும் அசையக் கூடாது. 54 மீட்டர் இறக்கை காற்றுக்குக் கப்பலின் பாய் மாதிரி. ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் போட்ட கணக்கில், கண்ணுக்குத் தெரிகிற சிலையைவிடத் தெரியாத அடித்தளம் பெரிய வேலையானது. நிலத்தடியில் பழைய சுரங்கக் குடைவுகள் வேறு. அவற்றைக் கலவை செலுத்தி அடைத்துவிட்டு, 20 மீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட் தூண்களை இறக்கிப் பாறையைத் தொட்டார்கள். சிலையின் பாதத்தை அடித்தளத்தோடு பிணைத்திருப்பவை மூன்று மீட்டர் நீளமுள்ள 52 போல்ட்டுகள்.

உருவத்தைச் செய்தது ஹார்ட்டில்பூலில் இருந்த எஃகுப் பட்டறை ஒன்று. ஹார்ட்டில்பூலும் கப்பல் கட்டிப் பேர் வாங்கி, பிறகு அந்தத் தொழிலை இழந்த ஊர். வானதூதனின் உடம்பில் விலா எலும்புகள் வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கப்பலில் உள்ளே இருக்கும் சட்டகத்தை இங்கே வெளியே வைத்திருக்கிறார்கள். எடையைத் தாங்குவதும் அவைதான், உருவத்துக்கு முகவெட்டைத் தருவதும் அவைதான். 3,153 எஃகுத் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்தார்கள். உடம்பு 100 டன், இறக்கை ஒவ்வொன்றும் 50 டன், ஆக மொத்தம் 200 டன். செம்பு கலந்த எஃகு என்பதால் மேலே படிகிற துருவே உள்ளே இருக்கிற இரும்பைக் காக்கும். சாயம் பூசுகிற செலவு மிச்சம். நூறாண்டுக்கு மேல் நிற்கும் என்று கணித்தார்கள்.

முழுதாக எடுத்துப் போக முடியாத அளவு. உடம்பையும் இரண்டு இறக்கைகளையும் தனித்தனியாகப் பெரிய வண்டிகளில் ஏற்றினார்கள். 1998 பிப்ரவரியில் ஓர் இரவு, ஹார்ட்டில்பூலிலிருந்து ஏ19 சாலை வழியாக உடம்பு வந்து சேர ஐந்து மணி நேரம் பிடித்தது. குளிரையும் பாராமல் மக்கள் சாலையோரம் நின்று பார்த்தார்கள். பிப்ரவரி 15ஆம் தேதி கிரேன்கள் தூக்கி நிறுத்தின. பகல் முடிவதற்குள் இறக்கைகளும் பொருந்தின.

அதன்பின் நடந்ததை எந்த விளம்பரக்காரரும் திட்டமிட்டிருக்க முடியாது. அதே ஆண்டு மே மாதம் நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணி எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது. ரசிகர்கள் சிலர் மீன்பிடி நரம்பையும் கவணையும் கொண்டுவந்து, அணியின் நட்சத்திர வீரர் ஆலன் ஷியரரின் 9ஆம் எண் சட்டையை ராட்சத அளவில் தைத்து வானதூதனுக்கு மாட்டிவிட்டார்கள். காவலர்கள் வந்து கழற்றுவதற்குள் புகைப்படம் நாடெங்கும் போய்விட்டது. இறுதிப் போட்டியில் நியூகாசில் தோற்றது வேறு கதை. ஆனால் ‘அவர்கள் வைத்த சிலை’ என்று பேசிக்கொண்டிருந்த வட்டாரத்தில் ‘நம்ம சிலை’ என்ற பேச்சு பிறந்ததில் அந்தச் சட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் பக்கத்து மரங்களில் இறந்துபோன சொந்தங்களின் படங்களையும் பூக்களையும் கட்டிவைக்கத் தொடங்கினார்கள். அதையும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

வெற்றிக்குத் தந்தையர் பலர். 2001இல் டைன் நதியின் மேல் நடைபாலம், 2002இல் பழைய மாவு ஆலைக்குள் பால்டிக் கலைக்கூடம், 2004இல் இசை அரங்கம் என்று கேட்ஸ்ஹெட் கரையின் முகமே மாறியது. எல்லாம் சிலையின் அருள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோடிக்கணக்கில் பணம் கொட்டப்பட்டிருப்பதால், எது எதனால் விளைந்தது என்று பிரித்துக் காட்டுவது கடினம். பெரிய திட்டத்தைத் தொடங்கி, எதிர்ப்பைச் சமாளித்து, முடித்தும் காட்டிய நகர மன்றம் என்ற பெயர் அடுத்த விண்ணப்பங்களுக்கு உதவியிருக்கும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்ற ஊர்கள் அந்த அளவோடு நிறுத்தவில்லை. பெரிய சிலை வைத்தால் ஊர் பிழைத்துவிடும் என்று பாடம் எடுத்துக்கொண்டார்கள். மான்செஸ்டரில் காமன்வெல்த் போட்டிகளின் நினைவாக தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்த ‘பி ஆஃப் தி பாங்’ 2005இல் எழுந்தது. 56 மீட்டர் உயரம், 14.2 லட்சம் பவுண்டு செலவு. திறப்பதற்கு முன்பே ஒரு கூர்முனை கழன்று விழுந்தது. வழக்கு, நஷ்டஈடு என்று இழுத்து, 2009இல் பிரித்தே எடுத்துவிட்டார்கள். தென்கிழக்கில் எப்ஸ்ஃப்ளீட் என்ற இடத்தில் 50 மீட்டர் உயர வெள்ளைக் குதிரை நிற்கும் என்று 2009இல் அறிவித்தார்கள். மார்க் வாலிங்கரின் வடிவம். 20 லட்சம் பவுண்டு என்று தொடங்கிய மதிப்பீடு ஒரு கோடியைத் தாண்டியது. குதிரை வரவேயில்லை.

தேறியவர்களும் உண்டு. செயின்ட் ஹெலன்ஸில் மூடப்பட்ட சட்டன் மேனர் சுரங்கத்தின் மேல், எம்62 நெடுஞ்சாலை அருகே 2009இல் ‘ட்ரீம்’ எழுந்தது. கண்மூடிய சிறுமியின் வெண்ணிற முகம், 20 மீட்டர் உயரம், ஏறத்தாழ 19 லட்சம் பவுண்டு. அங்கே சிற்பியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்தவர்கள் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே. ஸ்பானியச் சிற்பி ஜாமே பிளென்சா முதலில் சுரங்க விளக்கை மனத்தில் வைத்து ஒரு யோசனை கொண்டுவந்தார். பழையதைப் பற்றிப் போதும், வருங்காலத்தைப் பற்றி ஏதாவது செய்யுங்கள் என்று தொழிலாளர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். கேட்ஸ்ஹெட்டில் சண்டையாக நடந்த உரையாடல் இங்கே மேசையைச் சுற்றி நடந்தது.

சாலையோரத்தில் பெரிய சிலை வைக்கப்போவதாக எந்த ஊரில் அறிவிப்பு வந்தாலும் அழகா அசிங்கமா என்ற வாதம் முதல் நாளே தொடங்கிவிடும். அதைக் காலம் தீர்த்துக்கொள்ளும், அவசரமில்லை. அவசரமாகக் கேட்கவேண்டியவை வேறு மூன்று. பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது? இதற்குச் செலவாகாவிட்டால் அது எங்கே போகும்? ஒரு கூர்முனை கழன்று விழுந்தால் யார் பொறுப்பு? கேட்ஸ்ஹெட்டில் முதல் கேள்வியை மக்கள் விடாமல் கேட்டார்கள், மன்றம் பவுண்டு சுத்தமாகப் பதில் சொல்லவேண்டி வந்தது. மூன்றாவதைப் பொறியாளர்கள் கேட்காமலே பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவதைத்தான் யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, லண்டனுக்கு அனுப்பியிருக்கக் கூடும்.